யாரும் திட்டிக்கொள்ளாத பிற்பகல்

1

ஜனவரி 29, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வெளியே மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. வெப்பம் இரண்டு டிகிரி. இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊரில் பதினோரு குளிர்காலம் பார்த்துவிட்டேன். வானத்திலிருந்து விழும் இந்தச் சேற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று இந்த ஊருக்கு. மற்றொன்று நான் மாட்டியது, பெரம்பலூருக்கு. அது மூன்று பத்து காட்டியபோது போன் அடித்தது. ஊரில் அது சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

தம்பி மனைவி பானுமதி.

“மாமா, இவருக்கு மறுபடி மூச்சு வாங்குதுங்க மாமா. படுக்கவும் முடியல, உக்காரவும் முடியல. வேர்த்துக் கொட்டுது.”

“ஆம்புலன்ஸுக்குச் சொன்னியாம்மா?”

“சொல்லிட்டேங்க. கெளம்பிட்டாங்களாம். ரோட்ட அடச்சிக்கிட்டு கரும்பு டிராக்டருங்க நிக்கிதுங்க, ஒதுங்கி வரணும்னாங்க.”

எறையூர் ஆலைக்குக் கரும்பு போகும் பருவம். தம்பியின் வீடு அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

“போன வைக்காத. அப்படியே கைப்பையில போட்டுக்க. ஆன்லயே இருக்கட்டும்.”

“எதுக்குங்க மாமா?”

“நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

எதைக் கேட்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் பெண்ணும் உள்ளேயிருக்கும் நர்ஸும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். அது கேட்டால் தம்பி பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கக் கடிகாரத்தின் நொடி முள்ளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். போன வருஷம் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

2

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவன். போல்ட்டு, நட்டு, பேரிங் எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்த கை. எண்ணுவது நிற்கவில்லை. என் தம்பி கலியமூர்த்தி அரசுப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர். நாங்கள் இருவரும் மாதச் சம்பளம் வாங்கியதே எங்கள் தெருவில் ஒரு செய்தி. மனைவி போன பிறகு மகள் என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குப் போவேன். தம்பி வீட்டில் தங்குவேன்.

போன வருஷம் காணும் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். குளித்துவிட்டு வந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து, “அண்ணே, நெஞ்சு மேல எவனோ மூட்டைய எறக்கி வச்ச மாரி இருக்குண்ணே” என்றான். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது. முதலுதவி செய்யும் பெண் ரிஸ்வானா, லப்பைக்குடிக்காட்டுக்காரி, இருபத்தாறு இருபத்தேழு வயது. ஓட்டுநர் சேகர். ஏற்றிய நிமிடத்திலிருந்து அவள் ஒரு கையால் தம்பியின் நாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் யாருக்கோ போன் போட்டாள்.

“யக்கா, நெஞ்சு வலி கொண்டாரேன். ஒங்க ஓட்ட ஈசிஜி மிசினு வேல செய்யிதா, இல்ல அதையும் எடைக்குப் போட்டாச்சா?”

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, சிரித்தாள். தம்பி கண்ணைத் திறந்து, “ஏம்மா, டிக்கெட் எடுக்கணுமா?” என்றான்.

“பேசாதீங்க பெரியப்பா. எறங்கறப்ப வாங்கிக்கிறேன்.”

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். வாசலில் கனத்த உடம்போடு ஒரு நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றாள். பெயர் தமிழரசி, ஐம்பது வயதுக்கு மேல்.

“வந்துட்டாளா மகராசி! ஏண்டி, ஊர்ல இருக்கற நெஞ்சு வலியெல்லாம் என் ட்யூட்டிக்குத்தான் அள்ளிக்கிட்டு வருவியா?”

“ஒங்க மூஞ்சியப் பாத்தா மத்த வலியெல்லாம் மறந்துருமாம்க்கா. தள்ளுங்க, வழிய விடுங்க.”

“ஸ்ட்ரெச்சர் இல்ல. இருக்கறதே ரெண்டு.”

“எங்களதுலயே படுத்திருக்கட்டும், நான் ஒங்க நொண்டி வீல்சேர எடுத்துக்கிட்டுப் போறேன். போன மாசம் எங்ககிட்ட வாங்குன ஆக்சிஜன் சிலிண்டரு எங்க?”

“அடகு வச்சு மூக்குத்தி வாங்கிட்டேன், பாரு!”

நான் கொதித்துப் போனேன். என் தம்பி இவர்களுக்கு நடுவே கிடக்கிறான். இவர்கள் மூக்குத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்போது நான் பார்த்தது வாய்களை மட்டும். கைகளைப் பின்னால்தான் நினைவுபடுத்திக்கொண்டேன். திட்டி முடிப்பதற்குள் சட்டை பிரிந்திருந்தது, மார்பில் ஒயர்கள் ஒட்டியிருந்தன, ஊசி ஏறியிருந்தது. ஒருத்தி நீட்டியதை மற்றவள் பார்க்காமலே வாங்கினாள்.

பிறகு ரிஸ்வானா தன் தாளை நீட்டினாள். நோயாளியை ஒப்படைத்ததற்கு நர்ஸ் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் வண்டி அடுத்த அழைப்புக்குப் போகலாம்.

“போடுக்கா, நான் போவணும்.”

“போட மாட்டேன். போ, போயி டீயக் குடி. ஆளையும் மூஞ்சியையும் பாரு.”

ரிஸ்வானா தாளை மடித்துக்கொண்டாள். தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சேகரோடு எதிரிலிருந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னாலேயே போனேன்.

“உள்ள என் தம்பி கெடக்கிறான். ஒங்களுக்கு டீ கேக்குதா?”

சேகர் நகர்ந்து இடம் விட்டான். “உக்காருங்கய்யா. ஒங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். சர்க்கர போடலாமில்ல?”

நான் உட்காரவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அந்தக் கனத்த குரல் சாலையைத் தாண்டி வந்தது. “ஏய் ரிஸ்வானா! திருச்சி!”

இரண்டு தம்ளர்களும் பாதியில் பெஞ்சின் மேல் நின்றன. வண்டியைப் பார்த்தேன். அது வந்தபடி நிற்கவில்லை; திருப்பி, மூக்கு வெளிவாசலைப் பார்க்க நின்றது. பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. தம்பி அதில் ஏறியபோது ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திருச்சியில் அடைப்பை எடுத்த டாக்டர், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார்.

3

பத்து நாள் கழித்து மாத்திரை வாங்கத் தம்பியோடு போனபோது தமிழரசியைத் தேடிப் போய் நின்றேன். நன்றி சொல்ல எனக்கு வராது. கேள்விதான் வரும். “கையெழுத்துப் போடாம எதுக்கு அவங்கள நிறுத்தி வச்சீங்க?”

அவள் கையிலிருந்த வேலையை விடாமல் சொன்னாள். “போட்டுட்டா அந்த வண்டி நம்ம வண்டி இல்ல சார். வேற கேசுக்குப் போயிரும். அப்பறம் டாக்டரு திருச்சிக்கு அனுப்புங்கன்னு சொன்னா, இன்னொரு வண்டி எங்கேருந்தாவது வரணும். முக்கா மணியும் ஆவும், ஒரு மணியும் ஆவும். சில பேரப் பாத்தாலே தெரியும், இது இங்க நிக்காதுன்னு. அவங்களுக்குக் கொஞ்சம் இழுப்பேன். டாக்டரு பாக்கற வரைக்கும்.”

“விதியில இடம் இருக்கா?”

“விதியில டீக்கே இடமில்ல சார்.”

“அந்த நேரத்துல வேற ஒருத்தன் எங்கேயோ காத்துக்கிட்டு இருப்பானே?”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இருப்பான். தெரியாமலா? அதான் எல்லாருக்கும் செய்யறதில்ல. பத்துல ஒண்ணு. அதுவும் அந்தப் புள்ளயும் பாக்கும். வேணாங்க்கா, இது தாங்கும்னு அது சொன்னா உடனே போட்டுருவேன். அதோட கண்ணு எனக்கு வேணும், என் கண்ணு அதுக்கு வேணும்.”

“பின்ன ஏன் அந்தத் திட்டு?”

“தூங்காம இருக்கணுமில்ல சார்?” என்றாள் தமிழரசி.

தம்பி வெளியே வரும்போது, “பாத்தியாண்ணே, டிரைவரும் கண்டக்டரும் மாரி” என்றான். “திட்டிக்கலன்னா பஸ்ஸு ஒழுங்கா ஓடலன்னு அர்த்தம்.”

இதயம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது என்று திருச்சியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை வந்தால் நேரம் ரொம்ப முக்கியம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தத் தாளின் படம் என் போனில் இருக்கிறது. இங்கிலாந்து திரும்பிய பிறகு தினமும் ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பேன்.

4

என் மகள் கவிதா இங்கே அவசர சிகிச்சைப் பிரிவில்தான் நர்ஸ். அவளுடைய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்குக் குறைவில்லை, யாரும் யாரையும் திட்டுவதும் இல்லை. எனக்கே அனுபவம் உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. ஆம்புலன்ஸ் என்னை ஏற்றிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. எனக்கு முன்னால் ஒன்பது வண்டிகள். மூன்று மணி ஐம்பது நிமிடம் வண்டிக்குள்ளேயே கிடந்தேன். கூட இருந்த இளைஞன் தங்கமானவன். மூன்று போர்வை போர்த்தினான். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, மன்னிக்க வேண்டும் என்றாள். அவன், பரவாயில்லை, நன்றி என்றான். அவள் நன்றி என்றாள். யாருக்கும் யார் மேலும் கோபமில்லை. எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அன்று இரவு கவிதாவிடம் கேட்டேன்: “அந்தப் பையன் பேரு என்ன?”

“எந்தப் பையன்?”

“என்னக் கொண்டு வந்தவன்.”

“எனக்கெப்படிப்பா தெரியும்? ஒரு நாளைக்கு எத்தன ஆம்புலன்ஸ் க்ரூ வராங்க.”

தமிழரசி கதையை அவளிடம் சொன்னபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. “அது ரொம்பத் தப்புப்பா. ஆளுக்கு ஆளு மாறும் அது. அந்த நர்ஸ் லீவுல இருந்தா? அவங்க கணிப்பு தப்பாயிருந்தா? ப்ரொஃபஷனலா இருக்கறதுன்னா என்னன்னு...” பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் வேலைப் பேச்சு வந்தால் அவளுக்குத் தமிழ் தீர்ந்துவிடுகிறது. அவள் மகள், பதிமூன்று வயது, கலியமூர்த்தியைச் சின்னத் தாத்தா என்று சொல்ல மாட்டாள். “தாத்தாவோட பிரதர்” என்பாள். அவனை அவள் பார்த்ததே இரண்டு தடவை. யாரைக் குற்றம் சொல்வது?

கவிதா சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு இருந்த ஒரே பதில், என் தம்பி உயிரோடு இருக்கிறான் என்பது.

5

ஊரில் மழைக்காலம் தொடங்கிய சமயம் போனில் ஒரு வீடியோ வந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இங்கேயும் இருப்பவர்கள், போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். இருநூற்றுப் பதினாலு பேர். கல்யாணம், சாவு, நிலம் விற்பனை எல்லாம் அதில் வரும். அரை நிமிடத்துக்கும் குறைவான படம். ஆஸ்பத்திரி வாசல், ஆம்புலன்ஸ், எதிரே டீக்கடைப் பெஞ்சில் சீருடையோடு இருவர். பின்னணியில் ஒரு பெண் அழும் சத்தம். மேலே எழுத்து: உள்ளே உயிர், வெளியே டீ.

ரிஸ்வானாவை முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சேகர் சிரித்துக்கொண்டிருந்தான். படம் எடுத்தவருக்கு வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றியிருக்காது. அந்த ஜனவரியில் எனக்கு இருந்த கோபத்தோடு படம் எடுக்கத் தெரிந்த விரலும் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

வேலையை விட்டுத் தூக்கு என்றார்கள். பேரைப் போடு என்றார்கள். எங்கள் நாட்டில் இப்படி நடக்குமா என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் பிறந்தது எங்கள் மாவட்டத்துக் குன்னம் பக்கம். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் விளக்கம் எழுதினேன். எப்போது கையெழுத்துப் போடுவார்கள், ஏன் நிறுத்திவைப்பார்கள், வண்டி ஏன் திரும்பி நிற்கிறது. எழுதி முடிக்க நாற்பது நிமிடம். அனுப்பியபோது பேச்சு தங்கம் விலைக்குப் போயிருந்தது. ஒருவர் மட்டும் கும்பிடும் கைகள் இரண்டைப் போட்டார்.

பிறகு நடந்ததைத் தம்பி போனில் சொன்னான். அதிகாரிகள் வந்து பார்த்தார்களாம். தமிழரசியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்களாம். இனி வண்டி வந்த பத்து நிமிடத்துக்குள் கையெழுத்து. கையெழுத்தான உடனே வண்டி வாசலைத் தாண்டிவிட வேண்டும். வாசலில் ஒரு கேமரா. டீக்கடைக்காரர் தானாகவே பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்.

“இப்ப ரொம்ப ஒழுங்குண்ணே. நேத்து மாத்தர வாங்கப் போனேன், ஒரு சத்தம் கெடையாது. வாங்க மேடம், போங்க மேடம். கோயில் மாரி இருக்கு.”

“நல்லதுதானே.”

“நல்லதுதான்.” பிறகு மெதுவாகச் சொன்னான்: “எனக்குத்தான்ணே பயமா இருக்கு.”

இந்தப் பொங்கலுக்கு நான் போக முடியவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். படத்தில் என் காது சரியாகத் தெரியவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை அனுப்பிய பிறகு பாஸ்போர்ட் ஜனவரி 20-ஆம் தேதிதான் கைக்கு வந்தது. பொங்கல் முடிந்துவிட்டது, வெயில் வந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

6

பானுமதியின் பைக்குள்ளிருந்து முதலில் வந்தது சாவிக்கொத்தின் சத்தம். பிறகு சைரன். பிறகு ஒரு குரல், அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ரிஸ்வானா.

“பெரியப்பா, என்னத் தெரியிதா?”

தம்பி ஏதோ சொன்னான். மூச்சுக்கு நடுவில் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. டிக்கெட் என்று சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.

வண்டிக்குள் அவள் யாருக்கும் போன் போடவில்லை. நான் காத்திருந்தேன். போடவேயில்லை. முன்கூட்டித் தனி போனில் பேசுவதும் நின்றுவிட்டது போலிருக்கிறது.

ஸ்ட்ரெச்சர் இறங்கும் சத்தம், சக்கரம் உருளும் சத்தம். பெரம்பலூர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தொன்பது. போனைக் காதோடு அழுத்தினேன். வந்துட்டாளா மகராசி. சொல்லு. சொல்லித் தொலை.

“பேரு, வயசு சொல்லுங்க.” தமிழரசியின் குரல்தான். ஆனால் தட்டையாக இருந்தது.

“கலியமூர்த்தி, அறுபத்தெட்டு, மேடம். ஏற்கெனவே அடைப்பு எடுத்தவர். ஆக்சிஜன் வச்சும் தொண்ணூறத் தொட மாட்டேங்குது.”

“சரிங்க. அந்தப் பக்கம் மாத்திப் படுக்க வைங்க.”

பிறகு வெகு நேரம் வேலை நடக்கும் சத்தம் மட்டும். டப்பா திறக்கும் சத்தம். பிளாஸ்டிக் கிழிபடும் சத்தம். பானுமதி அழும் சத்தம். பேச்சே இல்லை. இந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

“கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க கெளம்பலாங்க.”

“மேடம்...” ரிஸ்வானா நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. “மேடம், இவரு... போன தடவையும் நாமதான்...”

“தெரியிதும்மா.” ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி. “மணி ஓடுது. மேல கேமரா இருக்கு. நீங்க போங்க.”

“சரிங்க மேடம். நன்றிங்க.”

நான் எழுந்து நின்று, இந்த வெள்ளைக்காரத் தெருவில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். “பானு! வண்டிய விடாத! அந்தப் புள்ளய நிறுத்து! பானு!” பைக்குள் இருக்கும் போனில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவள் எடுத்தாள்.

“என்னங்க மாமா?”

“ஆம்புலன்ஸ் எங்க?”

“போயிடுச்சுங்களே. இப்பத்தான் கேட்டத் தாண்டுது.”

ஏழு நிமிடம் கழித்து டாக்டரின் குரல், திருச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று. தமிழரசி கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். போன வண்டி பாடாலூர்ப் பக்கம் விபத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அடுத்தது வர ஐம்பது நிமிடம். அந்த விபத்தில் கிடந்தவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான். அதையும் நினைத்தேன். நினைத்ததால் ஒன்றும் லேசாகவில்லை.

தனியார் வண்டி ஒன்றைப் பிடித்தார்கள். அதன் ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, ஆக்சிஜன் நிரப்பி, டீசல் போட முன்பணம் நாலாயிரம் கேட்டார். பானுமதி கையில் அறுநூறு இருந்தது. நான் அனுப்புகிறேன் என்றேன். வங்கியின் செயலியைத் திறந்தேன். அது கேட்டது: இந்தப் பணத்தை உடனே அனுப்பும்படி யாராவது உங்களை அவசரப்படுத்துகிறார்களா? ஆம் என்பதுதான் உண்மை. ஆம் என்று அழுத்தினேன். ஏமாற்றாக இருக்கலாம் என்று பணத்தை நிறுத்திவிட்டது. வீட்டுத் தொலைபேசியில் வங்கியைக் கூப்பிட்டேன். பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள். என் தம்பி எக்ஸ்பயர் ஆகிறான் என்று எங்கள் ஊர் ஆங்கிலத்தில் சொன்னேன். “உங்கள் கார்டா சார்?” என்றாள், மிகவும் மரியாதையாக.

அந்த நேரத்தில்தான் மற்றக் காதில், ஊர்ப் போனில், அது கேட்டது.

“ஏய், என்னடா மரமாட்டம் நிக்கிற? காசுக்கு நான் பொறுப்பு. என் வளையல வேணா கழட்டிக்க. எடுறா வண்டிய! கேமரா பாக்குதா, பாக்கட்டும்!”

தமிழரசி. அந்தக் கனத்த குரல், சாலையைத் தாண்டிப் போகிற குரல். எனக்கு நம்பிக்கை வந்தது. வங்கிப் பெண்ணிடம் நன்றி என்று சொல்லி வைத்தேன். சுவரைப் பார்த்தேன். நாலு ஐம்பத்தெட்டு. வந்து இறங்கி ஒரு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு.

வண்டியில் பானுமதி ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான்தான் சொல்லச் சொன்னேன். பாடாலூர் தாண்டிட்டோம் மாமா. சிறுகனூர் மாமா. சமயபுரம் டோல்கேட்டில் வரிசை நிற்பதாகச் சொன்னாள். அப்புறம் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். அப்புறம் ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

7

மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. கவிதாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விமான நிலையத்துக்குக் காரில் கொண்டுவிட்டவள், நான் இறங்கும்போது, “அந்த நர்ஸப் பாத்தா நான் கேட்டதாச் சொல்லுங்கப்பா” என்றாள்.

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. துக்கம் விசாரிக்கத் தமிழரசி வந்தாள். அவள் உட்கார்ந்து கால் மணி ஆவதற்குள் ரிஸ்வானா வந்தாள், சீருடை இல்லாமல், அவள் அம்மாவோடு. இருவரும் ஒரே நாளில் வருவார்கள் என்று இருவருக்கும் தெரியாது போலிருக்கிறது. பந்தலின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி.

“நல்லாருக்கீங்களா மேடம்?” என்றாள் ரிஸ்வானா.

“இருக்கேங்க” என்றாள் தமிழரசி.

திட்டுங்கள், ஒரு வார்த்தையாவது திட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. இருவரும் தம்பியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சாலையில் இதயம் பழுதான இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். தெரிந்தவர்களே கணக்கில் ஏழு பேர் வந்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தனியார் வண்டி ஓட்டுநர் மறுநாள் வந்தார். நல்ல மனிதர், பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, நான் எழுந்து வரும் வரைக்கும் நின்றார். தமிழரசி பொறுப்பேற்றுக்கொண்டதால் இதுவரை யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. அவரே கணக்குச் சொன்னார். திருச்சிக்குப் போக நாலாயிரத்து இருநூறு. திரும்பி வர நாலாயிரத்து இருநூறு. ஆக்சிஜன் ஆயிரத்து இருநூறு.

“ஆக்சிஜன் ஒரு பக்கத்துக்குத்தான் போட்டிருக்கேங்கய்யா” என்றார். “வர்றப்ப தேவப்படல.”

மொத்தம் ஒன்பதாயிரத்து அறுநூறு ரூபாய்.